மூன்று திருகாணியும் ஒரு சுருட்டும்

என்னுடைய வலது கணுக்கால் இப்போது மடங்காது. கணைக்கால் எலும்பும் அதற்குக் கீழே உள்ள பாத எலும்பும் ஒட்டி ஒரே எலும்பாகிவிட்டன. ஒட்டும்வரை அவற்றை இறுக்கிப் பிடித்துவைத்திருந்த மூன்று திருகாணிகள், வேலை முடிந்த பின்னும் தேத்தண்ணிக்காக நிற்கிற மேசன்மாரைப்போல இன்னும் உள்ளேயே இருக்கின்றன. வலி இல்லை. நடக்கிறேன். படி இறங்கும்போது மட்டும் நண்டுபோலப் பக்கவாட்டில் இறங்குவேன்.

ஒப்பரேசன் எப்படி என்று கேட்பவர்களுக்கு, நல்லாய்ச் சரிவந்துவிட்டது என்று சொல்கிறேன். அது உண்மை. ஆனால் அது சரிவராமல் போவதற்கு நான் என்னென்ன செய்தேன், அந்தப் பழியை யாருடைய தலையில் வைத்தேன் என்பதை நானாகச் சொல்வதில்லை. இங்கே சொல்கிறேன்.

நான் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பித்தவன். இளவயதில் காங்கேசன்துறை வீதியில் மோட்டார் சைக்கிளோடு விழுந்து கணுக்கால் நொறுங்கியது. பிளாஸ்டர் போட்டார்கள், ஒட்டியது, நான் மறந்துபோனேன். கால் மறக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு மூட்டுக்குள் இருந்த சவ்வு தேய்ந்து எலும்போடு எலும்பு உரசத் தொடங்கியது. உராய்வைப் பற்றி எத்தனையோ பேருக்குப் படிப்பித்திருக்கிறேன். அதைச் சொந்தக் காலுக்குள் வைத்துக்கொண்டு நடப்பது வேறு பாடம். கீரிமலைக்குப் போனாலும் கேணியில் இறங்க முடியாமல், மேல்படியில் இருந்து செம்பால் அள்ளி ஊற்றிக்கொண்டு வருகிற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

நான் போய்க் காட்டிய எலும்பு டொக்டர் என்னிடம் படித்தவர். 'அவன்' என்று எழுதத்தான் கை போகிறது. இத்தனைக்கும் பிறகு அந்த உரிமை எனக்கு இல்லை என்பதால் 'அவர்' என்றே எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் வாத்தியார் ஓய்வு பெறுவது அரசாங்கத்தின் பார்வையில் மட்டும்தான். தலை நரைத்த ஆளும் தனக்குப் படிப்பித்தவரைத் தெருவில் கண்டால் சைக்கிளை விட்டு இறங்குவார். நான் கிளினிக் கதவைத் திறந்ததும் டொக்டர் கதிரையிலிருந்து எழும்பி நின்றார். அவர் எழும்பியதால் தாதியும் எழும்பினார். கட்டிலில் கிடந்த நோயாளி ஒருவர், வந்திருப்பது யாரோ பெரிய ஆள் என்று நினைத்து, நாரிப் பிடிப்போடு, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு எழும்பப் பார்த்தார். எனக்கு அது நன்றாகப் பிடித்திருந்தது.

"சேர், மூட்டு முடிஞ்சுது," என்றார் டொக்டர். "தேய்ஞ்ச இரண்டு பக்கத்தையும் சுரண்டிப்போட்டு, ஒண்டோடை ஒண்டைச் சேத்து ஸ்குரூ போட்டு இறுக்கிவிடுவம். எலும்பு ஒட்டீட்டுதெண்டால் கால் மடங்காது. ஆனால் நோகாது."

"எத்தினை ஸ்குரூ?"

"மூண்டு, சேர்."

"எந்தக் கோணத்திலை?"

பக்கத்தில் இருந்த என் மனைவி கண்களை மூடிக்கொண்டார். அவருக்கு என்னைத் தெரியும்.

வீட்டுக்கு வந்து, கைத்தொலைபேசியில் இந்த விசயத்தைப் பற்றி அகப்பட்டதையெல்லாம் வாசித்தேன். இதற்கென்றே ஆராய்ச்சி செய்கிற ஆட்கள் இருக்கிறார்கள். பிளாஸ்டிக் எலும்பிலும் இறந்தவர்களின் எலும்பிலும் திருகாணி, தகடு, குதிக்காலிலிருந்து மேலே செலுத்துகிற கம்பி என்று விதம்விதமாகப் பூட்டி, மெசினில் வைத்து வளைத்தும் முறுக்கியும் எது எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்கிறார்கள். இப்படி ஒரு உத்தியோகம் இருக்கிறது என்று எனக்கு இளவயதில் யாரும் சொல்லவில்லை. திருகாணிகளைச் சமாந்தரமாகப் போடுவதைவிடக் குறுக்கே போட்டால் முறுக்கத்தைத் தாங்கும். இரண்டைவிட மூன்று நல்லது. முன்பக்கத்தில் ஒரு தகட்டையும் சேர்த்தால் அசைவு இன்னும் குறையும். நான் விளங்கிக்கொண்டது இவ்வளவும். அன்றிரவே எனக்குத் தகடுதான் என்று முடிவெடுத்தேன்.

மறுமுறை கிளினிக்குக்குப் போகும் நாள், காலையிலேயே மரவள்ளிக் கிழங்குகளை எடுத்து, ஒவ்வொன்றையும் நடுவில் வெட்டி, ஆணி அடித்துத் திரும்பப் பொருத்தினேன். ஒன்றில் ஆணிகள் சமாந்தரம். ஒன்றில் குறுக்கு. ஒன்றில் குறுக்கே இரண்டும் பின்னால் ஒன்றும். அதோடு பால்மா ரின்னின் தகரத்தில் வெட்டியெடுத்த ஒரு தகடு.

"இஞ்சாருங்கோ, உந்தக் கிழங்கு சமைக்கவோ, ஒப்பரேசனுக்கோ?" என்று மனைவி கேட்டார்.

"இது மாதிரியுரு. டொக்டருக்குக் காட்ட."

"அப்ப நான் மத்தியானம் எதை அவிக்கிறது?"

"பின்னேரம் ஆணியைக் கழட்டித் தாறன்."

"துருப்பிடிச்ச ஆணி ஏத்தின கிழங்கை நீங்களே தின்னுங்கோ."

கிளினிக்கில் மேசைமேல் கிழங்குகளை வரிசையாக வைத்தேன். டொக்டர் எழும்பி நின்றே பார்த்தார்.

"இதிலை ஆணி சமாந்தரம். முறுக்கிப் பாரும்."

முறுக்கினார். கிழங்கு இரண்டு கைகளிலும் இரண்டு துண்டாக வந்தது.

"கழண்டிட்டுது, சேர்."

"இதிலை குறுக்கே. முறுக்கும்."

முறுக்கினார். "கழரேல்லை, சேர்."

"ஏன்?"

டொக்டர் வாயைத் திறப்பதற்குள் வெளியே காத்திருந்த ஒருவர் கதவை நீக்கி எட்டிப் பார்த்து, உள்ளே ஒரு டொக்டர் இரண்டு கையாலும் மரவள்ளிக் கிழங்கைப் பிடித்து முறுக்கிக்கொண்டு நிற்பதைக் கண்டு, சத்தம் போடாமல் கதவைச் சாத்தினார். தாதி முகத்தை மறைக்க எக்ஸ்றேப் படம் ஒன்றைத் தூக்கிப் பிடித்தார். அது அவருடைய சிரிப்பை மறைக்கிற அளவுக்குத் தடிப்பாக இல்லை.

"இப்ப தகடு போட்டது. முறிச்சுப் பாரும், பாப்பம்."

அவரால் முடியவில்லை. நான் கதிரையில் சாய்ந்துகொண்டேன்.

டொக்டர் கிழங்கைப் பக்குவமாக மேசையில் வைத்தார். "சேர் சொல்லுறது சரி. மெசினிலை வைச்சுப் பாத்தால் தகடு போட்டதுதான் கூடத் தாங்கும். ஆனால் சேரின்ரை காலிலை முன்பக்கத் தோல் பழைய காயத்தாலை மெல்லிசாய்ப் போச்சு. அதுக்குக் கீழை தகட்டைக் கொண்டுபோய் வைச்சால் தோல் பிரியும். கிழங்குக்கு உந்தத் தோல் பிரச்சினை இல்லை, சேர்."

தாதி வெளியே போய்விட்டார். அவர் சிரித்த சத்தம் கேட்டது.

"நீர் வகுப்பிலையும் உப்பிடித்தான்," என்றேன். "சரியான விடை முன்னாலை கிடக்கும். நீர் வேறை ஒண்டை எழுதுவீர்."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஸ்குரூவோ தகடோ, அது பிடிச்சுக்கொண்டிருக்கிறது கொஞ்சக் காலத்துக்குத்தான், சேர். அதுக்கிடையிலை எலும்பு ஒட்டவேணும். ஒட்டாட்டில், எவ்வளவு பலமான இரும்பும் அசைஞ்சு அசைஞ்சு ஒருநாள் இளகும், இல்லாட்டி முறியும். அதாலை சேரிட்டை ஒண்டே ஒண்டுதான் கேக்கிறன். சுருட்டை விடவேணும்."

சுருட்டுக்கும் எனக்கும் உள்ள உறவு என் கலியாணத்துக்கு முந்தியது. பின்னேரத்தில் தேத்தண்ணி, அதன் பிறகு ஒரு சுருட்டு. அது இல்லாமல் ஒரு பொழுது படுவதை நான் கண்டதில்லை.

"சுருட்டுக்கும் எலும்புக்கும் என்ன?"

"நிக்கொட்டின் சின்ன இரத்தக் குழாயளைச் சுருக்கிப்போடும். இரத்தம் போகாத இடத்திலை எலும்பு ஒட்டாது. இப்பவே விடுங்கோ, சேர். ஒட்டி முடியும்மட்டும் தொடக்கூடாது."

"விட்டிட்டன் எண்டு எழுதும்."

"சேர் சொன்னால் சரி," என்று எழுதிக்கொண்டார். வேறு நோயாளியாக இருந்தால் அப்படி எழுதியிருக்கமாட்டார் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

உண்மையிலேயே விட்டேன். ஒப்பரேசன்வரைக்கும் தொடவில்லை. முள்ளந்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே விறைக்கப் பண்ணிவிட்டு, நெஞ்சுக்கு நேரே ஒரு துணியை மறைப்பாகக் கட்டியிருந்தார்கள். மறைப்புக்கு அந்தப் பக்கம் துளைபோடும் சத்தம் கேட்டது. எனக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, குறுக்கேதானே போடுறீர்?"

"ஓம் சேர், குறுக்கேதான்."

"மூண்டாவது பின்னாலை இருந்து வரவேணும்."

"வருகுது, சேர்."

"இறுக்கம் காணுமோ?"

மயக்க மருந்து கொடுக்கிற டொக்டர் அம்மா என் முகத்துக்கு மேலே குனிந்து பார்த்தார். அவர் என்னிடம் படித்தவர் அல்ல. கையில் ஏறிக்கொண்டிருந்த சேலைனுக்குள் எதையோ ஏற்றினார். அதற்குப் பிறகு நடந்தவை எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்த பிறகு வலது கால் நிலத்தில் படக்கூடாது. வோக்கரைப் பிடித்து ஒற்றைக் காலில் கெந்திக் கெந்தித்தான் போகவேண்டும். நாள் முழுவதும் கதிரையில் இருந்துகொண்டு காலைத் தலையணைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேத்தண்ணி வரும். அதன் பிறகு ஒன்றும் வராது.

எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் இன்னும் தென்னோலை பின்னிய கிடுகு வேலிதான். அந்த வீட்டில் இருப்பவர் ஓய்வு பெற்ற ஸ்டேசன் மாஸ்டர். யாழ்ப்பாணத்துக்கு ரயில் ஓடாத காலத்தில் தெற்கே எங்கெங்கோ வேலை பார்த்துவிட்டு வந்தவர். அவர் என்னை மாஸ்டர் என்பார். நானும் அவரை மாஸ்டர் என்பேன். வீட்டில் அவருக்கும் சுருட்டுத் தடை; அவருடைய மனைவி அதை நெஞ்சு வருத்தத்துக்காகப் போட்டிருந்தார். ஆனால் அவருக்குக் கால் இரண்டும் நல்ல கால். வேலிக் கரையில் நின்று களவாகச் சுருட்டைக் கொளுத்திப் பத்துவார். ஒருநாள் கிடுகுக்குள்ளால் அந்த மணம் வந்தது. நான் வோக்கரை எடுத்துக்கொண்டு கெந்திப் போனேன்.

"மாஸ்டர், ஒருக்கா மணந்து பாக்கத் தாரும்," என்றேன்.

"டொக்டர் வேண்டாமெண்டு சொன்னவரெல்லோ?"

"பத்தக்கூடாதெண்டுதான் சொன்னவர். மணக்கக் கூடாதெண்டு சொல்லேல்லை."

அவர் இரண்டு கிடுகுக்கு நடுவில் விரலை விட்டு ஓட்டையாய் ஒரு பொட்டு உண்டாக்கினார். அதற்குள்ளால் சுருட்டை நீட்டினார். நகர்ந்துகொண்டிருக்கும் ரயிலின் சாரதிக்கு டோக்கன் வளையத்தை நீட்டிப் பழகிய கை, நடுக்கமே இல்லை. நான் மணந்து பார்த்தேன். பிறகு ஒரு இழுவை. அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் அந்தப் பொட்டுக்குள்ளால் எனக்கென்றே ஒன்று, கொளுத்தியபடி வரத் தொடங்கியது.

மனைவி நான் அப்பியாசம் செய்வதாக நினைத்தார். "காலை ஊண்டாமலே வேலிமட்டும் போய்வாறார், பாவம். ஒருநாளும் பிந்திறேல்லை," என்று வந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். என் சட்டையில் மணம் வந்தபோது, அது பக்கத்து வீட்டு மாஸ்டர் விடுகிற புகை, வேலியால் வருகிறது என்றேன். ஸ்டேசன் மாஸ்டர் தன் வீட்டில், பக்கத்து வீட்டு மாஸ்டர் கால் ஏலாமல் இருந்து விடுகிற புகை என்று சொல்லியிருந்தார். குறுக்கே போட்ட இரண்டு திருகாணிகள்போல, இரண்டு பொய்யும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றன. அந்த இணைப்பின் உறுதியைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

எலும்பு ஒட்டியிருக்கவேண்டிய காலம் வந்தது. டொக்டர் எக்ஸ்றேயைப் பார்த்தார். படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து மறுபடியும் பார்த்தார். பிறகு எங்களுக்கும் காட்டினார். இரண்டு எலும்புக்கும் நடுவில் கோடு அப்படியே கிடந்தது. ஒரு திருகாணியைச் சுற்றி மெல்லிய நிழல்.

"ஒட்டேல்லை, சேர். இந்த ஸ்குரூ கொஞ்சம் இளகின மாதிரியும் கிடக்கு." கொஞ்சம் தயங்கினார். "சேர், சுருட்டு..."

"அதை அவர் ஒப்பரேசனுக்கு முதலே விட்டிட்டார், தம்பி," என்றார் என் மனைவி. "நான் சாட்சி."

சுவரில் ஒரு எலும்புக்கூட்டின் படம் தொங்கியது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு வாயைத் திறந்தேன். திறந்து, நான் சொன்னது இது:

"அப்பவே தகடு போட்டிருக்கலாம்."

டொக்டர் தலையைக் குனிந்தார். "ஓம், சேர். நான்தான் பிழை விட்டிட்டன் போல."

என் பிள்ளையளவு வயதுள்ள ஒருவர், செய்யாத பிழையை எனக்கு முன்னால் ஏற்றுக்கொண்டார். அந்த நேரத்தில் என் மனதில் இருந்தது வெட்கம் என்று எழுத ஆசை. இல்லை. கிழங்கு வென்றுவிட்டது என்ற சந்தோசம்தான் இருந்தது. வெட்கம் ஓட்டோவில் வீட்டுக்கு வரும் வழியில்தான் வந்தது. வந்தும், பின்னேரம் என்னை வேலிக் கரைக்குப் போகாமல் தடுக்கிற அளவுக்கு அது பெரிதாக இருக்கவில்லை.

என் மனைவிக்கு ஆறவில்லை. மருதனார்மடத்து ஆஞ்சநேயர் கோயிலடியில் கண்டவர்களுக்கெல்லாம் சொன்னார். "மூண்டு இஸ்குரூ போட்டவராம், ஒண்டும் பிடிக்கேல்லை. இவர் தகடு போடச் சொல்லிச் சொன்னவர், அந்தத் தம்பி கேக்கேல்லை." கோயிலடியிலிருந்து கதை சந்தைக்குப் போனது. சந்தையில் அது வளர்ந்தது. என் காலுக்குள்ளிருந்து திருகாணி கழன்று விழுந்ததாக ஒருவர் எனக்கே ஃபோன் எடுத்துத் துக்கம் விசாரித்தார். நல்ல காலில் மாறிப் போட்டுவிட்டதாக இன்னொருவர் கேள்விப்பட்டிருந்தார். நான் எதையும் மறுக்கவில்லை. "அப்பிடி இல்லை... ஆனால் ஏதோ பிழைச்சுத்தான் போச்சு," என்று இழுத்துவிட்டு வைத்தேன்.

ஒருநாள் வேலிப் பொட்டுக்குள்ளால் சுருட்டோடு ஒரு செய்தியும் வந்தது.

"மாஸ்டர், என்ரை மனிசியின்ரை சொந்தக்காரர் ஒருத்தர் தோட்டம் செய்யிறவர். லான்ட்மாஸ்டர் உழவு மெசின் பிரண்டு கணுக்கால் சிதைஞ்சு போச்சு. உமக்குச் செய்த அதே ஒப்பரேசன்தானாம் அவருக்கும். உம்மடை டொக்டர் ஏலாதெண்டிட்டாராம்."

"ஏனாம்?"

"தான் இப்ப உது செய்யிறேல்லையாம். கொழும்புக்குப் போகட்டாம். உம்மடை காலுக்குப் பிறகு வாற எல்லாரையும் அங்கைதான் அனுப்புறாராம். மனிசன் வெங்காயத்தை விட்டிட்டு எப்பிடிக் கொழும்பிலை போய்க் கிடக்கிறது? காலை இழுத்து இழுத்துத் தோட்டத்துக்குள்ளை திரியிறார்."

சுருட்டைப் பாதியில் திருப்பிக் கொடுத்தேன். நான் படிப்பித்த பிள்ளை ஒன்று, கையில் தொழில் இருந்தும், தன் கையை நம்பாமல் இருக்கிறது. வேறு ஒருவருடைய கால் அதற்காக நொந்துகொண்டிருக்கிறது. இரண்டுக்கும் காரணம் வேலியின் இந்தப் பக்கம் ஒற்றைக் காலில் நிற்கிறது. நாளைக்கே போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

மறுநாள் போகவில்லை. பின்னேரம் சுருட்டை முழுதாகப் பத்தினேன். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. நானாகவே போய்ச் சொன்னேன் என்று எழுத முடிந்தால் நன்றாக இருந்திருக்கும்.

என் மனைவியும் ஸ்டேசன் மாஸ்டரின் மனைவியும் மருதனார்மடச் சந்தையில் கத்தரிக்காய்க் குவியலுக்கு முன்னால் சந்தித்தார்கள். அங்கே நடந்ததைப் பிறகு இருவரும் எனக்கு ஒப்புவித்தார்கள்.

"அக்கா, குறை நினையாதேங்கோ," என்று அடுத்த வீட்டம்மா தொடங்கியிருக்கிறார். "உங்கடை அவர் விடுற சுருட்டுப் புகையாலை எங்கடை வீட்டுத் திரைச்சீலை எல்லாம் மணக்குது. இவருக்கு நெஞ்சுக்குக் கூடாது."

"எங்கடை அவரோ? அவர் விட்டு எவ்வளவு காலம்! உங்கடை அவரின்ரை சுருட்டு மணத்தாலை நானெல்லோ எங்கடை அவரின்ரை சட்டையை ஒவ்வொரு நாளும் தோய்க்கிறன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்திருக்கிறார்கள். கத்தரிக்காயை அங்கேயே போட்டுவிட்டு ஒரே ஓட்டோவில் ஏறினார்கள். ஓட்டோக்காரரிடம் கெதியாய் விடச் சொன்னார்களாம். யாருக்கோ வருத்தம் கடுமை என்று நினைத்து அவரும் அப்படியே விட்டிருக்கிறார்.

நாங்கள் இரண்டு பேரும் அந்த நேரம் வேலியடியில். சுருட்டு பொட்டுக்கு நடுவில் இருந்தது. ஒரு நுனியில் அவருடைய விரல், மறு நுனியில் என்னுடைய விரல். எனக்குப் பின்னால் என் மனைவியின் குரல் கேட்டது. அதே கணத்தில் வேலிக்கு அந்தப் பக்கமும் ஒரு குரல். ஸ்டேசன் மாஸ்டர் விரலை எடுத்தார். நானும் எடுத்தேன். சுருட்டு மட்டும் கிடுகுக்குள் செருகி நின்று தனியாகப் புகைந்துகொண்டிருந்தது.

என் மனைவி கத்தவில்லை. முதலில் சுருட்டைப் பிடுங்கி, கிடுகு பற்றிக்கொள்ளாமல், வாளித் தண்ணீருக்குள் போட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"நான் சாட்சி சொன்னனான்," என்றார். "அந்தப் பிள்ளையின்ரை முகத்தைப் பாத்துச் சொன்னனான். பேந்து கோயிலடியிலை நிண்டு அதின்ரை பேரை நாறடிச்சனான். எல்லாம் தெரிஞ்சும் நீங்கள் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தனீங்கள்."

நான் வாளிக்குள் மிதந்த சுருட்டைப் பார்த்தேன்.

"நாளைக்குக் கிளினிக் இருக்கு. நீங்களாய்ச் சொல்லுறியளோ, நான் சொல்லட்டோ?"

"நான் சொல்லுறன்."

"நான் பக்கத்திலை நிப்பன்."

மறுநாள் எங்கள் முறை வருவதற்கு முன்பே உள்ளே போனோம்; மனைவி ஒருவரையும் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே நடுத்தர வயதுக்காரர் ஒருவர் ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு இருந்தார். ஒரு கன்னம் உப்பியிருந்தது. வாய் நிறைய வெற்றிலை. இடுப்பில் செம்பாட்டு மண் ஒட்டிய சாரம். டொக்டர் அவருக்குக் கொழும்புக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அவர்தான் ஸ்டேசன் மாஸ்டர் சொன்ன தோட்டக்காரர் என்று எனக்கு விளங்கியது.

"சேர், இருங்கோ. இவரை ஒருக்கா அனுப்பிப்போட்டு..."

"வேண்டாம், தம்பி. அவரும் இருக்கட்டும்," என்றேன். "நான் சுருட்டை விடேல்லை."

டொக்டரின் பேனை நின்றது.

"எப்ப துவங்கினீங்கள்?"

"வீட்டை போய்க் கொஞ்ச நாளிலை."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம்."

"நேற்றுமோ?"

"நேற்றுப் பாதிதான்," என்றேன். மனைவி என்னைப் பார்த்தார்.

"அண்டைக்கு நான் கேட்டனான்..."

"நீர் கேக்கத் துவங்கினீர். கேட்டு முடிக்க நான் விடேல்லை. உம்மிலை பிழையே இல்லை, தம்பி. ஸ்குரூவிலையும் பிழை இல்லை, கோணத்திலையும் பிழை இல்லை. தகடு போட்டிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். நீர் அப்பவே சொன்னீர், எலும்பு ஒட்டாட்டில் எந்த இரும்பும் இளகுமெண்டு. எனக்கு அது விளங்கினது. விளங்கிக்கொண்டுதான் பேசாமல் இருந்தனான். என்னை மன்னிச்சுக்கொள்ளும்."

பரவாயில்லை என்று அவர் சொல்வார் என்று ஒரு மூலையில் எதிர்பார்த்தேன். எங்கள் பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்கள். அவர் சொல்லவில்லை.

"சேர், உங்கடை எக்ஸ்றேயை நான் வீட்டை கொண்டுபோய் வைச்சுப் பாத்தனான், தெரியுமோ? இறுக்கினது காணாதோ, துளை பெருத்துப்போச்சோ எண்டு நித்திரை இல்லாமல் கிடந்தனான். என்ரை கையிலைதான் ஏதோ பிழை எண்டு நினைச்சு, இவரைப் போல ஆக்களை ஒவ்வொருத்தராய்க் கொழும்புக்கு அனுப்பினனான்!" அவர் குரல் உயர்ந்ததை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். "வேறை ஆளெண்டால் அண்டைக்கே இரத்தம் எடுத்து, நிக்கொட்டின் கிடக்கோ எண்டு சோதிச்சிருப்பன். சேர் எண்டபடியால் விட்டனான். அது ஒண்டுதான் நான் விட்ட பிழை."

தோட்டக்காரர் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இனி வாற ஒவ்வொரு முறையும் இரத்தம் எடுப்பன்," என்றார் டொக்டர். "சேரெண்டு பாக்கமாட்டன்."

"எடும்."

"நான் கையைப் பிடிச்சுத் தாறன், தம்பி," என்றார் என் மனைவி. "கோயிலடியிலை நான் சொன்ன ஆக்களிட்டையும் போய்ச் சொல்லுறன். எல்லாரையும் எனக்கு ஞாபகம் இருக்கு."

அவர் சொன்னபடி செய்தார். பழைய கதையைப் பரப்பியதைவிட இந்தக் கதையை அவர் வேகமாகப் பரப்பினார். இப்போது சந்தையில் மீன்காரர்கூட என்னிடம் காலைப் பற்றிக் கேட்பதில்லை. சுருட்டைப் பற்றித்தான் கேட்கிறார்.

அன்றைக்குக் கிளினிக்கில், டொக்டர் என்னுடைய எக்ஸ்றேயை முன்னால் இழுத்துவைத்துக்கொண்டார். காலைத் திரும்பவும் வெட்டித் திறந்து பார்ப்பதை ஒத்திவைப்போம், சுருட்டு இல்லாமல் இந்த மூன்று திருகாணியும் என்ன செய்கிறதென்று முதலில் பார்ப்போம் என்றார். நான் அதற்கு ஒரு ஆலோசனையும் சொல்லவில்லை. பிறகு அவர் எழுதிக்கொண்டிருந்த கடிதத்தை இரண்டாகக் கிழித்தார்.

"ஐயா, நீங்கள் கொழும்புக்குப் போகத் தேவையில்லை," என்று தோட்டக்காரரிடம் சொன்னார். "நான் செய்யிறன்."

தோட்டக்காரருக்கு வாய் நிறைய இருந்ததால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. சாறு வழியாமல் முகத்தை மேலே நிமிர்த்திக்கொண்டு கேட்டார்:

"நான் உவரைப் போலப் பத்துறேல்லை, தம்பி. வெத்திலையோடை கொஞ்சம் புகையிலை போடுறதுதான். எங்கடை தோட்டத்துப் புகையிலை. உதுக்குப் பிரச்சினை இல்லைத்தானே?"

"அதிலையும் நிக்கொட்டின்தான், ஐயா. அதுவும் கூடாது. எலும்பு ஒட்டி முடியும்மட்டும் தொடக்கூடாது. உங்களுக்கும் இரத்தம் எடுப்பன்."

தோட்டக்காரர் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வெளியே போனார். துப்புகிற சத்தமும், பைப்பில் வாய் கொப்பளிக்கிற சத்தமும் நெடுநேரம் கேட்டன. திரும்பி வந்து கதவில் சாய்ந்துகொண்டு, டொக்டரைப் பார்க்காமல், என்னைப் பார்த்தார்.

"மாஸ்டர்," என்றார், "உதை நான் வெளியிலை போனாப்பிறகு சொல்லியிருக்கலாமெல்லோ?"

அவருக்கும் மூன்று திருகாணிகள்தான் போட்டார்கள். அவருடைய எலும்பு என்னுடையதற்கு முன்பே ஒட்டிவிட்டது. தோட்டத்தில் நல்லாய் நடந்து திரிகிறார். என்னைக் கண்டால் மட்டும், இன்றைக்கும், மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு போகிறார்.